பயிற்சி மாணவரை எந்த மேசையில் அமர்த்துவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் இன்று ஒரே பேச்சு எழுகிறது. பவளவிழாவோ நூற்றாண்டு விழாவோ நெருங்குகிறது. மலர் வெளியிட வேண்டும். மலருக்கு வரலாறு வேண்டும். எழுதக்கூடிய வயதினருக்கு நேரமில்லை, நேரமுள்ள பெரியவர்களில் பலருக்குப் பழைய எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஆகவே பல்கலைக்கழக மாணவர் ஒருவரைச் சில மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, சபையின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தொகுக்கச் செய்யலாம் என்ற முடிவுக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். எங்கள் சபையும் வந்துவிட்டது. கையில் இருக்கும் பணம் ஒரு மாணவருக்கு ஆறு மாதமோ இரு மாணவர்களுக்கு மூன்று மாதமோ படி கொடுக்கப் போதும். இனி முடிவு செய்ய வேண்டியது, அந்த மாணவர் எந்த மேசையில் உட்கார்ந்து வேலை செய்வார் என்பது. துணைக்குழுவில் இதைப் பற்றி மூன்று கருத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் பிற சபைகளுக்கும் பயன்படலாம்.

முதல் கருத்து, மாணவரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள மாகாண ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது. இதைச் சொல்பவர்களின் நியாயம் வலுவானது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்ததிலிருந்து 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 152,184 பேரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை கப்பல் பட்டியல்களில் ஏறியிருக்கின்றன. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். இந்தியக் குடியேற்றத் துறையின் கடிதப் போக்குவரத்து, தோட்ட முதலாளிகள் மீது தொழிலாளர் கொடுத்த முறையீடுகள், காலனிச் செயலரின் கோப்புகள், இறந்தவர்களின் சொத்து விவரங்கள் எல்லாம் அங்கே முறைப்படி அடுக்கப்பட்டுள்ளன. தேசியக் காப்பகத்தின் கணினித் தேடுபட்டியலில் ஒரு பெயரைத் தட்டினால் கோப்பின் எண் வந்துவிடுகிறது. வாசிப்பறையில் பென்சில் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. தாளை எப்படித் தொட வேண்டும், எப்படிப் புரட்ட வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆய்வுப் பழக்கத்தை ஒரு மாணவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அமைவது அரிது.

நிலம் பற்றிய கேள்விகளுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தவிர்க்க முடியாது. பழைய சபைகளும் கோயில்களும் நிலத்தை அறங்காவலர் சிலரின் பெயரில் வாங்கியிருக்கக்கூடும். அந்த உரிமைப் பத்திரங்கள் அங்குள்ள பத்திரப் பதிவகத்தில் இருக்கின்றன. சபை நடத்திய பள்ளி அரசு உதவி பெற்ற பள்ளியாக இருந்திருந்தால், மக்கள் திரட்டிய தொகைக்கு ஈடாக அரசு எவ்வளவு தந்தது என்பதைக் கல்வித் துறைக் கோப்பில் தேடலாம். ஊர்வல அனுமதி, தீமிதிக்கு இடம், கட்டட வரைபடம் போன்றவற்றைப் பார்க்க டர்பனிலேயே உள்ள காப்பகக் கிளையில் நகராட்சிச் செயலரின் கோப்புகள் கிடைக்கும். அரசின் ஆவணங்கள் பொதுவாக 20 ஆண்டுகள் கழிந்ததும் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தியவற்றைக் கேட்க 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் முதல் நாளே மாணவரை அங்கே அனுப்புவதை நான் ஏற்கவில்லை. முதல் தடை பெயர்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைத்தான் நாம் இன்று குடும்பப் பெயராகச் சுமக்கிறோம். கவுண்டர் கவெண்டர் ஆனதும், முதலியார் மூட்லி ஆனதும், படையாட்சி படையாச்சி ஆனதும், முனுசாமி மூன்சாமி ஆனதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது. ஒரே ஆளின் பெயர் மூன்று கோப்புகளில் மூன்று எழுத்துக்கூட்டலில் வரும். ஒரே எழுத்துக்கூட்டலில் முப்பது ஆட்கள் வருவார்கள். சபையை நிறுவியவரின் தந்தை பெயரோ, ஒப்பந்த எண்ணோ, வேலை செய்த தோட்டத்தின் பெயரோ கையில் இல்லாமல் தேடப் புகும் மாணவர் ஒரு மாதத்தை அந்தக் காட்டிலேயே தொலைத்துவிடுவார். இன்னொரு தடை இதைவிடப் பெரியது. அரசு தன்னைத் தொட்ட விஷயத்தை மட்டுமே எழுதி வைத்தது. வரி, உரிமம், குற்றம், மனு, வெளியேற்றம் ஆகியவற்றில் நாம் தென்படுவோம். மாதம் ஒரு ஷில்லிங் சந்தா கட்டி மாலை நேரத் தமிழ் வகுப்பை யார் நடத்தினார்கள், இறந்தவர் வீட்டுக்கு எத்தனை ரூபாய் அரிசி போயிற்று, பெண்கள் எந்த ஆண்டு முதல் குழுவில் உட்கார்ந்தார்கள் என்பவற்றை அரசு எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. (ரூபாய் என்றது கை தவறி வந்ததன்று, எங்கள் வீட்டு முதியவர்கள் பவுண்டையும் ரூபாய் என்றே சொல்வார்கள்.)

இரண்டாவது கருத்து, வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தைப் போன்ற ஓர் இடத்தில் மாணவரை அமர்த்துவது. 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கெனத் தனியாக ஒதுக்கப்பட்ட கல்லூரி, பின்னர் டர்பன்–வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசூலு–நேட்டால் பல்கலைக்கழகமாயிற்று; நம் சமூகத்தின் தாள்கள் அங்கே சேர்ந்ததில் வியப்பில்லை. மாணவர் படிக்கும் இடமும் அதுவே என்பதால் போக்குவரத்துச் செலவு குறையும், பேராசிரியர் அருகிலேயே இருப்பார், பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணும் சேரும். பிற அமைப்புகளின் தாள்களையும் அங்கே பார்க்கலாம் என்பது உண்மையான நன்மை. தன் சபையை மட்டும் பார்த்து எழுதுபவர், எல்லாச் சபையும் செய்ததைத் தன் சபையின் தனிச்சிறப்பாக எழுதிவிடுவார். பழைய செய்தித்தாள்களையும் மாணவர் பல்கலைக்கழகப் பக்கமிருந்தே தேடத் தொடங்கலாம். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருப்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். 1903-இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் நான்கு மொழிகளில் வந்தது. 1906-இல் அதன் தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. அந்த ஆண்டுகளில் தமிழ்ச் சபைகளின் செய்தி அதில் குறைவாக இருப்பதைக் கண்டு, சபைகளே உறங்கிக் கிடந்தன என்று எழுதிவிடக் கூடாது. 1908-இல் பி.எஸ். ஐயர் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் தமிழிலும் வந்தது. அதைத் தேட வேண்டும். இந்த மேசையின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: எங்கள் சபையின் தாள்கள் அங்கே இல்லை.

அவை இருப்பது எங்கள் மண்டபத்தின் மேடைக்குப் பின்னாலுள்ள இரும்பு அலமாரியில். மூன்றாவது கருத்து, மாணவரை அந்த அலமாரிக்கு முன்னால் அமர்த்துவது. துணைக்குழுவில் இதற்கு ஆதரவு மிகக் குறைவு. 'அங்கே என்ன இருக்கப்போகிறது, பழைய ரசீதும் கரப்பான் பூச்சியும்தானே' என்று ஒருவர் கேட்டார். அவர் சொன்ன ரசீதே போதும் என்று நான் நினைக்கிறேன். ஒரு சபையின் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் சந்தா கட்டியவர் பெயரும் தொகையும் நாளும் இருக்கும். சில சமயம் முகவரியும் இருக்கும். அதே பெயர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தால், முகவரிகள் கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு நகர்வது தெரியும். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது என்றும், 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையருக்குரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது என்றும் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். நம் தெருவில் யார் எந்த மாதம் வீட்டைக் காலி செய்தார்கள், காலி செய்த மாதத்திலும் சந்தாவைக் கட்டினார்களா என்பதை அந்த அடிக்கட்டை மட்டுமே சொல்லும்.

கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைத்த மினிட் புத்தகங்கள் இன்னும் வளமானவை. அவற்றில் தீர்மானங்கள் இருப்பதுபோல், தீர்மானத்தில் முடியாத சண்டைகளும் இருக்கின்றன. வகுப்பில் தமிழ் மட்டுமா, ஆங்கிலமும் சேர்த்தா. தீமிதிக்கு ஆடு வெட்டலாமா. தெலுங்குக் குடும்பத்தார் உறுப்பினராகலாமா. மண்டபத்தை அரசியல் கூட்டத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று நம் முன்னோர் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஒரு சபை தன்னை என்னவாக எண்ணிக்கொண்டது என்பது இந்த வாதங்களில்தான் வெளிப்படுகிறது. இவற்றின் நகல் வேறு எங்கும் கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கோப்புகள் அடுத்த ஆண்டும் இருக்கும், அதற்கடுத்த ஆண்டும் இருக்கும். இரும்பு அலமாரியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. டர்பனின் கோடை ஈரம் தாளை நைந்துபோகச் செய்யும். குண்டூசி துருவேறித் தாளைத் தின்னும். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் பழுப்புத் தாளும் விருந்து. பூச்சியைவிட ஆபத்தானவர்கள் நாமே. பல ஆண்டுகளுக்கு முன் மண்டபத்துக்கு வண்ணம் பூசிய சமயத்தில், இடம் அடைக்கிறது என்று இரண்டு பெட்டித் தாள்கள் குப்பை வண்டியில் ஏறின. ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன். அவற்றில் என்ன இருந்தது என்று இன்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே எது அழியும் நிலையில் இருக்கிறதோ, எதற்கு வேறு நகல் இல்லையோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மாணவருக்கும் இதில் இழப்பில்லை. காப்பகத்தில் அவர் பிறர் அடுக்கி வைத்ததைப் படிப்பார். இங்கே அவரே அடுக்குவார். தாள்கள் எந்த வரிசையில் கிடந்தன என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அந்த வரிசையைக் கலைக்காமல், குண்டூசிகளை எடுத்து, அமிலமற்ற உறையிலிட்டு, எண் கொடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் விவரப் பட்டியல் எழுதி, பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் வருடி (ஸ்கேன் செய்து) எடுப்பது வரை ஒரு காப்பகரின் வேலை முழுவதையும் அவர் ஒரே அறையில் கற்றுக்கொள்வார். வேலை தேடும்போது காட்டுவதற்கு அவர் பெயரிலேயே ஒரு விவரப் பட்டியல் இருக்கும்.

இனி யாரை எடுப்பது என்ற கேள்வி. இதுவே உண்மையில் கடினமானது. எங்கள் அலமாரியில் 1950-களுக்கு முந்திய புத்தகங்கள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன. டர்பனில் வரலாறு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் தமிழைச் சரளமாகப் படிப்பவர்கள் மிகச் சிலர். ஈஸ்டெட்ஃபோட் என்னும் கலைப் போட்டியில் திருக்குறளை அழகாக ஒப்பிக்கும் பிள்ளைகூட அதை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனனம் செய்ததாக இருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியிலிருந்து மொழியை நீக்கியவர்கள் அவர்கள் அல்லர். எனவே தமிழ்நாட்டிலுள்ள ஒரு மாணவரை எடுத்து, வருடிய படங்களை அனுப்பி, அங்கிருந்தே படித்துத் தரச் சொல்லலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. படி குறைவு, தமிழ் உறுதி. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்தத் தமிழ் இன்றைய தமிழ் அன்று. லை, னை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். கையெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். தேதி சில இடங்களில் தமிழ் ஆண்டுப் பெயரிலும் மாதத்திலும் இருக்கும். இவற்றைத் தமிழ்நாட்டு மாணவர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். கணக்கு பவுண்டு, ஷில்லிங், பென்ஸில் இருக்கும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 1961 பிப்ரவரியில் ராண்டு வந்தபோது ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்டு என்று சொல்லிக் கொடுத்தால் அதையும் பிடித்துக்கொள்வார். அவருக்குப் பிடிபடாதது இந்த ஊர். 'பாரக்குச் சனம்' என்று எழுதியிருந்தால் அது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களைக் குறிக்கிறது என்றோ, 'சர்தார்' என்று எழுதியிருப்பது சீக்கியரை அன்று, கங்காணியை என்றோ அவருக்குத் தோன்றாது. இங்குள்ள ஓர் ஊரின் பெயரைப் பார்த்து அதை அம்மன் கோயில் ஊர் என்று எண்ணிவிடக்கூடும். டர்பன் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் ஊரும் குடும்பங்களும் தெரியும். எந்தத் தாத்தாவின் மகள் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது தெரியும். இருவரில் ஒருவரை மட்டுமே எடுக்க முடியுமானால் நான் டர்பன் பிள்ளையையே எடுப்பேன். தமிழ்ப் பக்கங்களைச் சத்தமாகப் படித்துச் சொல்ல எங்கள் சபையில் இன்னும் நான்கைந்து பெரியவர்கள் இருக்கிறார்கள், மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். இருவரையும் மூன்று மாதத்துக்கு எடுக்க முடிந்தால் அதுவே சிறந்தது: இங்குள்ளவர் முதல் மாதம் அடுக்கி வருட, அங்குள்ளவர் அடுத்த மாதம் முதல் படித்துத் தரலாம்.

இப்படிப் பெரியவர்கள் படித்துக் காட்டும்போது இன்னொன்றும் நடக்கும். ஒரு பெயரைக் கண்டதும் அவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். நேர்காணல்களைத் தனியான நான்காவது திட்டமாக வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், நான் உடன்படவில்லை. வெறுங்கையோடு போய் 'அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எல்லாரும் சொல்வதையே சொல்வார்கள். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த கலவரத்துக்குப் பின்னான மினிட் பக்கத்தை முன்னால் வைத்து, இதில் கையெழுத்திட்டவர் யார், அன்று கூட்டம் ஏன் கோயிலில் நடந்தது என்று கேட்டால் வேறு பதில் வரும். எண்பத்தைந்தைத் தாண்டியவர்களை மட்டும் பயிற்சியின் முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும்; அவர்களுக்காகத் தாள் காத்திருக்கலாம், தாளுக்காக அவர்களைக் காக்கவைக்க முடியாது.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர்–ஜனவரி விடுமுறை நீளமானது என்பதால் பலர் அதைச் சொல்கிறார்கள். ஈரமும் வெக்கையும் உள்ள அந்த மாதங்களில் பழைய தாளைப் பிரிப்பது அறிவுடைமையன்று. பண்டிகைக் காலத்தில் அலுவலகங்களும் பாதி மூடியிருக்கும். ஜூன், ஜூலையின் வறண்ட குளிர்காலமே தாளுக்கு ஏற்றது. அப்போது மூன்று, நான்கு வாரம் முழுநேரமாகத் தொடங்கிவிட்டு, பாடங்கள் மீண்டும் தொடங்கியதும் வாரத்தில் இரண்டு நாள் என்று தொடரலாம். படி கொடுக்காமல் 'சமூகத் தொண்டு' என்று மாணவரை அழைப்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பேருந்துக் கட்டணத்துக்கே தவிக்கும் பிள்ளையை அது முதலிலேயே விலக்கிவிடும்.

மேற்பார்வை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் தலைவருக்கும் கருத்து வேறுபாடு. செயற்குழுவே மேற்பார்க்கட்டும் என்கிறார் அவர். செயற்குழுவுக்கு வேண்டியது மலர். மலரில் நிறுவியவர்கள் அனைவரும் ஒற்றுமையாக இருப்பார்கள், பணம் ஒரு காசும் குறைந்திருக்காது. மாணவர் ஒரு கணக்குத் தகராறைக் கண்டெடுத்தால், அதில் பெயர் உள்ளவரின் பேரன் இன்று குழுவில் இருந்தால், அந்தப் பக்கம் என்ன ஆகும்? ஆகவே ஆய்வு மேற்பார்வை பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடமும், தாள்களின் பொறுப்பு மட்டும் சபையிடமும் இருக்க வேண்டும். வெஸ்ட்வில் மேசையின் பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. வாழும் மனிதர்களின் விவரங்களுக்கு 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; மருத்துவ உதவி கேட்டு எழுதிய கடிதங்களையும் கடன் பட்டியல்களையும் மாணவர் தனிப் பெட்டியில் வைத்து மூடிவிடலாம். இறந்தவர்களின் பழைய சண்டைகளுக்கு அந்தச் சட்டம் போர்வையாகாது. வருடிய படங்களின் ஒரு முழுத் தொகுதி சபைக்கு வெளியேயும் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு நகல்கள் ஒரே வெள்ளத்தில் போகும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசி இரண்டு வாரம் அங்கே போகட்டும். அதற்குள் மாணவரின் கையில் நிறுவியவர்களின் பெயர்கள் எல்லா எழுத்துக்கூட்டலிலும், தந்தை பெயரோடும், முடிந்தால் ஒப்பந்த எண்ணோடும் இருக்கும்; நிலம் வாங்கிய ஆண்டு தெரியும்; எந்த மனுவுக்கு எந்த அதிகாரி என்ன பதில் எழுதினார் என்ற கேள்வி தெளிவாக இருக்கும். கேள்வியோடு போகிறவருக்கு இரண்டு வாரம் தாராளம்.

அடுத்த கூட்டத்தில் இதை முன்மொழியப் போகிறேன். வாக்கெடுப்பில் தோற்றாலும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவிடுவேன். இரும்பு அலமாரிக்கு ஒரே சாவிதான் உள்ளது. அது பொருளாளரின் கார்ச் சாவி வளையத்தில் தொங்குகிறது. அவர் ஜூலையில் மகளைப் பார்க்கப் பெர்த்துக்குப் போகிறார். அதற்கு முன் அதற்கு ஒரு மறுசாவி வெட்டியாக வேண்டும்.